பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கும் வீட்டில் கைக்குழந்தை: காரீயத்துக்கு எங்கே பயப்பட வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: 1984-ல் கட்டிய வீடு, 14 மாதக் குழந்தை தவழ்ந்து நடக்கப் பார்க்கிறது, பொங்கலுக்கு முன் கதவு ஜன்னலையெல்லாம் தேய்த்து எனாமல் அடிக்கப் போகிறீர்கள். ஈய விஷம், அதாவது காரீயம் (லெட்) உடம்பில் சேர்வது பற்றி எங்கோ படித்த பயத்தில், மாமியாரின் ஈயச் சொம்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்கிறீர்கள்.

சொம்புக்கு அப்புறம் வருகிறேன். அதற்காக வீட்டில் சண்டையை இழுத்துக்கொள்வதற்கு முன் பெயிண்டரைக் கூப்பிட்டு, காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று சொல்லுங்கள். சின்னக் குழந்தை உடம்பில் காரீயம் ஏறும் முக்கியமான வழி தரைத் தூசி. தூசி கைக்கு வரும், கை வாய்க்குப் போகும். பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். குழந்தைக்குப் பாதி வரை சேரும். வயிறு காலியாக இருந்தால் இன்னும் கூடும்.

"ஒரு கதவைத் தேய்த்தால் என்ன ஆகிவிடும்?" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. எடையில் 1 சதவீதம் காரீயம் உள்ள பழைய எனாமல் என்று வைத்துக்கொள்வோம். பழைய மஞ்சளும் பச்சையும் இதைத் தாண்டுவது சாதாரணம். அதில் 1 கிராம் தூசியில் 10,000 மைக்ரோகிராம் காரீயம். பத்துக்குப் பத்து அறையில் அது சீராகப் படிந்தால் சதுர அடிக்கு 100 மைக்ரோகிராம். அமெரிக்காவில் வீட்டுத் தரைக்கு வைத்திருந்த 40 மைக்ரோகிராம் வரம்பையே 2019-ல் 10 ஆகக் குறைத்தார்கள். ஒரு கதவைத் தேய்த்தால் வருவது 1 கிராம் தூசி இல்லை, கைப்பிடி கைப்பிடியாக வரும்.

எங்கே இருக்கும் என்றால், நம் ஊர் வீடுகளில் சுவரை விடக் கதவு, ஜன்னல், கிரில்லில்தான். பழைய வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், பிறகு டிஸ்டெம்பர். அவற்றைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். எண்ணெய் எனாமல் அடித்த மரமும் இரும்பும்தான் சந்தேகத்துக்குரியவை: கதவு, நிலை, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, இரும்புக் கட்டில், பீரோ, தொட்டில் ஸ்டாண்டு. பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் லெட் குரோமேட் சேர்ப்பார்கள். அந்த மஞ்சளோடு நீலம் கலந்தால் பச்சை. வெள்ளையானாலும் சீக்கிரம் காய்வதற்குக் காரீய உப்பு சேர்த்திருக்கலாம். கிரில்லைச் சுரண்டும்போது அடியில் பளீர் ஆரஞ்சு தெரிந்தால் அது சிவப்புக் காரீயப் பிரைமராக இருக்க வாய்ப்பு அதிகம். செங்கல் நிறத்தில் மங்கலாக இருப்பது ரெட் ஆக்சைடு, அது இரும்பு ஆக்சைடு. இது கண் மதிப்பீடு மட்டுமே, பரிசோதனைக்கு ஈடாகாது.

வீட்டின் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு (எடையில் பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் வந்தது 2016-ல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் இருந்தது கம்பெனிகள் விரும்பினால் பின்பற்றும் தரம்தான். ஆகவே 2010-ல் கட்டிய வீட்டுக் கிரில்லும் சந்தேகப் பட்டியலில்தான் வரும்.

ஆன்லைனில் கிடைக்கும் காரீயச் சோதனைக் குச்சிகளை வைத்து ஓரளவு பார்க்கலாம். தடவினால் இளஞ்சிவப்பாக மாறும் வகைதான் அதிகம் கிடைக்கிறது. பலர் மேல்பூச்சில் தடவிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுவார்கள். காரீயம் மூன்றாவது பூச்சில் இருக்கும். பிளேடால் சரிவாக ஒரு வெட்டுப் போட்டு மரம் தெரியும் வரை எல்லாப் பூச்சுகளும் வெளியே தெரிந்தபின் தடவுங்கள். சிவப்புப் பெயிண்டில் இந்தக் குச்சி குழப்பும், ஏனென்றால் பெயிண்டே கரைந்து சிவப்பாக ஒட்டும். நிறம் மாறினால் காரீயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாறாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செலவு செய்ய முடிந்தால், எல்லாப் பூச்சும் சேர்ந்த துண்டு ஒன்றைச் சின்னக் கவரில் போட்டு, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்குக் கொடுத்து "மொத்தக் காரீயம்" பாருங்கள்.

அடுத்து, தேய்க்கவே வேண்டுமா என்று பாருங்கள். பெயிண்ட் உரியாமல், வெடிக்காமல், இறுக்கமாக ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பழைய எனாமல் மேல் ஒட்டும் பிரைமர் ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை அடித்து மூடிவிடுவதுதான் நல்லது. பழையதை முழுக்கச் சுரண்டினால்தான் வேலை நிற்கும் என்று பெயிண்டர் சொல்வது மழுமழுப்புக்காக. உங்களுக்கு இப்போது அது முக்கியமில்லை. ஆனால் உரசும் இடங்களை மூடி மட்டும் வைக்க முடியாது: கதவு நிலையில் இடிக்கும் விளிம்பு, ஜன்னல் சட்டம், தாழ்ப்பாள் உரசும் இடம், கீல் பக்கம். தினமும் திறந்து மூடும்போது அங்கே தூசி உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த விளிம்புகளை மட்டும் ஈரமாகத் தேய்த்து, இடிக்காதபடி கீலைச் சரிசெய்யுங்கள். குழந்தை நின்று பிடிக்கிற, கடிக்கிற உயரத்தில் இருக்கும் ஜன்னல் கம்பிக்கும் முதல் கவனம்.

ஈரத் தேய்ப்புக்கான முறை. ஒரு நேரத்தில் ஓர் அறை. வேலை முடிந்து கழுவித் துடைக்கும் வரை குழந்தையும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரும், வேறு வீட்டில் இருக்கட்டும். பக்கத்து அறை போதாது. துணி, பாய், பொம்மை, சமையல் சாமான் எல்லாவற்றையும் அறையை விட்டு எடுங்கள். நகர்த்த முடியாத கட்டிலைப் பிளாஸ்டிக் போட்டு மூடி ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள். தரையில் தடித்த பிளாஸ்டிக் ஷீட், வேலை நடக்கும் இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் 6 அடி தள்ளி வரை. வெளிச்சுவர் ஜன்னல் என்றால் மண்ணில் 10 அடி. பழைய செய்தித்தாள் வேண்டாம், நனைந்ததும் கிழிந்து தூசியைக் கீழே விட்டுவிடும். ஃபேன், ஏ.சி. இரண்டும் அணைந்திருக்கட்டும். வாசலில் பிளாஸ்டிக் திரை.

ஸ்பிரே பாட்டிலில் 1 லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீர் எனாமல் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், தூசி நனையாது. கையளவு இடத்தில் தெளித்து, ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும், 180-ல் தொடங்கி 220-ல் முடித்தால் போதும். தாளில் சேறு போல வழிவதை ஈரத்துணியால் அப்போதே துடைத்து எடுங்கள். காய விட்டால் மறுபடி தூசிதான். ஸ்விட்ச் போர்டு பக்கம் தெளிப்பதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். மரம் தண்ணீரில் நார் எழும்பும், ஆகவே ஒரு நாள் காயவிட்டு, லேசாக மறுபடி நனைத்து ஒரு கை தேய்த்துத் துடைத்தபின் பிரைமர். இரும்பு நேர்மாறு: ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்தில் செந்துரு பூக்கும். துணியால் துடைத்து உலர்த்தி அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

உள்ளே விடக் கூடாத கருவிகள் நான்கு. கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரும் சாண்டிங் மெஷினும் ஒரு மணி நேரத்தில் வீடு முழுக்கத் தூவிவிடும். பெயிண்டைத் தீயால் சூடாக்கி உரிக்கும் புளோ லாம்ப் அதைவிட மோசம், சூட்டில் காரீயம் ஆவியாகவே எழும். நான்காவது சாதாரண வாக்குவம் கிளீனர். அதன் வடிகட்டியில் நுண்தூசி நிற்காது, பின்பக்கக் காற்றோடு அறைக்கே திரும்பும். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதுதான் உதவும். தேய்ப்பவருக்கு முகத்தில் கட்டிய துண்டு பாதுகாப்பு ஆகாது. ஈரத் தேய்ப்புக்கே குறைந்தது என்-95 முகமூடி வேண்டும். அவர் வீட்டிலும் குழந்தை இருக்கலாம், சட்டையைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

முடிந்ததும் ஷீட் மேல் தண்ணீர் தெளித்து, அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, தடித்த பையில் போட்டுக் கட்டுங்கள். ஒரு மணி நேரம் யாரும் நடமாடாமல் தூசி இறங்கட்டும். பிறகு துடைப்பம் எடுக்காமல் மூன்று வாளிகள் எடுங்கள்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்று துணியைப் பிழிய, ஒன்றில் நல்ல தண்ணீர். ஜன்னல் திட்டிலிருந்து தொடங்கி, தரையைக் கோடி மூலையிலிருந்து வாசல் நோக்கித் துடைத்து வாருங்கள். ஏறக்குறைய 40 சதுர அடிக்கு ஒரு துணி, அதன்பின் அந்தத் துணி குப்பைக்கு. ஒரே வாளியில் முக்கி முக்கி வீடு முழுக்கத் துடைத்தால் காரீயம் இடம் மாறும், வெளியேறாது. கழுவிய தண்ணீர் துளசி மாடத்துக்கோ வாழை அடிக்கோ போகக் கூடாது, கழிப்பறையில் ஊற்றுங்கள்.

புதுப் பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு உட்பட்டது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 2016 விதி வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான். எந்திரம், லாரி, பாலத்துக்கான தொழிற்சாலைப் பெயிண்ட் அதற்குள் வராது. வேறு வேலையில் மிச்சமான டப்பாவைக் கொண்டுவந்து கேட்டுக்கு அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

யாரும் எச்சரிக்காத இன்னொன்று உண்டு. கழற்றிய பழைய கதவையும் ஜன்னல் சட்டத்தையும் வெந்நீர் அடுப்புக்கு விறகாக்குவது, அல்லது போகியில் போடுவது. பெயிண்ட் எரிந்தாலும் காரீயம் எரிந்து போகாது. கொஞ்சம் புகையில், மிச்சம் சாம்பலில் செறிந்து நிற்கும். அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் தேய்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெயிண்ட் அடித்த மரம் அடுப்புக்கு வேண்டாம்.

இனி சொம்பு. "நாங்களெல்லாம் ஈயச் சொம்பு ரசம் குடித்துத்தான் வளர்ந்தோம்" என்று கிளம்பி வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சொம்புக்கு நான் எதிரி இல்லை. நல்ல சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்தது, அது காரீயம் அல்ல, வேறு உலோகம்; அதில் ரசம் வைப்பதில் காரீயப் பிரச்சினை கிடையாது. பிரச்சினை கலப்படத்தில். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், கலப்பதற்கு அந்த ஆசை போதும். புளித் தண்ணீர் கொதிக்கும்போது காரீயம் கரைந்து வரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சொம்பை எடை போடுங்கள். ஓர் அண்டாவில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்று நிற்காதபடி சொம்பை மெதுவாக முழுக்க அமுக்கி, வழியும் தண்ணீரைப் பிடித்து அளங்கள். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயம் 11.3. 730 கிராம் சொம்பு சுத்தமானால் 100 மில்லி வழியும். பற்றவைக்கும் 60-40 கலவையானால் (வெள்ளீயம் 60, காரீயம் 40) சுமார் 86 மில்லிதான். ஆனால் பத்து சதவீதம் மட்டும் கலந்திருந்தால் 96 மில்லிக்கு மேல் வரும், சமையலறை அளவுக் குவளையில் அந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே இந்தச் சோதனை பெரிய மோசடியைப் பிடிக்கும், சின்ன மோசடியைத் தவற விடும். தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி உள்ள இடத்தில் காட்டினால் சதவீதக் கணக்கில் கலந்த காரீயம் தெரிந்துவிடும். அதுவரை குழந்தைக்கு எவர்சில்வரில் வைத்த ரசம் கொடுங்கள், சொம்பு அலமாரியில் இருக்கட்டும். மாமியாரிடம் "தூக்கிப் போடுங்கள்" என்பதை விட "அத்தை, ஒரு தடவை செக் பண்ணிப் பார்ப்போம்" என்பது எடுபடும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போதும் இதே கதை. பூசுபவர் பற்றவைக்கும் கலவையைப் போட்டால், உணவு படும் பரப்பு முழுக்கக் காரீயம். பூச்சு தேய்ந்துபோனால் பித்தளையிலேயே இருக்கும் காரீயம் புளியில் இறங்கும். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியம், இண்டாலியம் சட்டிகளிலும் காரீயம் கசிவது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. புளிக்குழம்பை அவற்றில் வைத்து ராத்திரி முழுக்க விட வேண்டாம்.

சொம்பை விட நான் சந்தேகப்படுவது மஞ்சள்தூளை. மங்கலான கிழங்கைப் பளிச்சென்று காட்ட, பாலிஷ் போடும் கட்டத்தில் லெட் குரோமேட் சேர்ப்பது தெற்காசியாவில் நடந்துவருவது. 2024-ல் வெளியான ஆய்வு ஒன்றில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த மாதிரிகளில் 14 சதவீதத்தில் காரீயம் கிராமுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டியது. இந்திய உணவுத் தர ஆணையத்தின் வரம்போ கிராமுக்கு 10. குழந்தை நாளுக்கு அரை கிராம் மஞ்சள் சாப்பிட்டால் அந்த வரம்புக்குள்ளேயே 5 மைக்ரோகிராம் காரீயம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு உணவு வழியாக வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு நாளுக்கு 2.2. பாலிஷ் போடாத, சொரசொரப்பான, மங்கலான விரலி மஞ்சள் வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைத்துப் பார்க்கும் சோதனைகள் குறைந்த அளவுக் காரீயத்தைக் காட்டாது.

மற்றவை சுருக்கமாக. கண்ணுக்கு இடக் கடையில் வாங்கும் சுர்மாவில் பாதிக்கு மேல் லெட் சல்ஃபைடாகவே இருக்கலாம், வேண்டாம். விளக்குக் கரியில் வீட்டில் செய்த மையில் அது இல்லை. ஆரஞ்சு நிறச் செந்தூரத்தில் சிவப்புக் காரீயம் இருக்கலாம், குழந்தை நெற்றிக்கு வைக்காதீர்கள். அரைஞாண் கயிற்றில் கட்டிய தாயத்தைக் குழந்தை வாயில் போட்டுச் சப்பும். நம்பிக்கையில் தலையிடவில்லை, வாய்க்கு எட்டாதபடி கட்டுங்கள், உள்ளே என்ன தகடு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொம்மை வாங்கினால் 2021 ஜனவரி முதல் கட்டாயமான ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். வீட்டில் யாராவது பேட்டரி வேலை, பற்றவைப்பு, பெயிண்டிங் செய்தால் குழந்தையைத் தூக்குவதற்கு முன் குளித்து உடை மாற்றட்டும், அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். மீன் வலைக்குக் காரீயக் குண்டு உருக்குவது சமையல் அடுப்பில் நடக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆர்.ஓ. விற்க வருபவர்கள் டி.டி.எஸ். மீட்டரைத் தம்ளரில் விட்டு "350 காட்டுது சார், பூராவும் ஹெவி மெட்டல்" என்கிறார்கள். அந்த மீட்டர் காட்டுவது தண்ணீரின் மின்கடத்தலைத்தான், அதாவது பெரும்பாலும் சாதாரண உப்பு, கால்சியம், மக்னீசியம். குடிநீரில் காரீயத்துக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப் போல ஐந்து மடங்கு இருந்தாலும் 350 என்ற எண் அசையாது. எண் 40 என்று காட்டினாலும் காரீயம் இல்லை என்று அர்த்தமில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களைப் பயமுறுத்தி இப்படி விற்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆர்.ஓ. காரீயத்தைக் குறைக்கும், அதை மறுக்கவில்லை. பணம் தூசியை ஒழிக்கப் போகட்டும் என்கிறேன். காலையில் ராத்திரி முழுக்கப் பித்தளைக் குழாயில் நின்ற முதல் தண்ணீரை ஓரிரு நிமிடம் வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொண்டு, அதன்பின் வருவதைக் குடிக்கவும் பால்பொடி கலக்கவும் எடுங்கள். கொதிக்க வைத்தால் காரீயம் போகாது, தண்ணீர் வற்றிச் செறிவு கூடும்.

சாப்பாட்டில் இரும்புச்சத்தைக் கவனியுங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகம் இழுக்கும், இங்கே 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ரத்தசோகை. கேழ்வரகு, கீரை, முட்டை, நேரத்துக்குச் சாப்பாடு, டாக்டர் எழுதினால் இரும்பு சிரப். இதெல்லாம் காரீயத்தை வெளியேற்றும் மருந்து இல்லை, உள்ளே ஏறுவதைக் குறைக்கும், அவ்வளவே.

ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்கள், அல்லது குழந்தை பெயிண்ட், மண், சுவர் சுரண்டித் தின்கிறது என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. குழந்தை டாக்டரிடம் சொல்லி ரத்தக் காரீயம் பாருங்கள். நரம்பில் எடுத்த ரத்தம்தான் நம்பகமானது. விரல் நுனியில் குத்தினால் தோலில் ஒட்டிய தூசியே அளவை ஏற்றிக் காட்டும். ரிப்போர்ட் வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். சில லேப்கள் டெசிலிட்டருக்கும் (100 மில்லி) சில லிட்டருக்கும் போடுகின்றன, 40 மைக்ரோகிராம் லிட்டருக்கு என்பது டெசிலிட்டருக்கு 4 தான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 முதல் டெசிலிட்டருக்கு 3.5-ஐ எச்சரிக்கை எண்ணாக வைத்திருக்கிறது. 5-ஐத் தொட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-ம் அதற்கு மேலும் என்றால் ஆஸ்பத்திரியில் காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து. அதையும் வீட்டில் மூலத்தை நீக்காமல் கொடுத்துப் பயனில்லை. ரத்தத்தில் காரீயம் பாதியாகக் குறையச் சுமார் ஒரு மாதம் ஆகும், ஆகவே அடுத்த வாரமே மறுபடி எடுத்து, குறையவில்லையே என்று பதற வேண்டாம். 3.5-ஐ லேசாகத் தாண்டியிருந்தால் மூன்று மாதத்துக்குள், 20-ஐத் தாண்டியிருந்தால் இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள், அதே லேபில், அதே அலகில் மறுபரிசோதனை செய்யுங்கள்.